மூட்டையும் மூட்டும்

திருச்சி காந்தி மார்க்கெட்டிலோ பழைய பால்பண்ணை வெங்காய மண்டியிலோ தரையில் கிடக்கும் மூட்டையைத் தூக்க வேண்டுமானால், சுமைதூக்கும் தொழிலாளி முதலில் குந்த வேண்டும்; பிறகு சுமையோடு எழ வேண்டும். முழங்கால் அதிகம் அடிபடுவது அந்த எழும் நேரத்தில்தான். எழத் தொடங்கும்போது கால் ஆழ மடங்கியிருக்கும்; மடிப்பு கூடக் கூடத் தொடையின் முன்தசை இறுக்கி இழுக்கிறது; அந்த இழுப்பு முட்டிச்சில்லைத் தொடை எலும்போடு வைத்து அழுத்துகிறது. உடல் எடையில் 35 சதவீதத்தைக் கூடுதலாகச் சுமந்து குந்தியவர்களை ஆராய்ந்த 2002ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், வெறுமனே குந்தியதைவிட இந்த அழுத்தம் கூடியது; 90 பாகை மடிப்பில் உச்சத்துக்குப் போனது. 60 கிலோ ஆளுக்கு 35 சதவீதம் என்றால் 21 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையே 50 கிலோ.

ஜிம்மில் இதைவிட அதிகம் தூக்குகிறவர்களின் முட்டி நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். ஆரோக்கியமான மூட்டு, படிப்படியாக ஏற்றப்படும் சுமையால் வலுப்பெறவே செய்யும். ஆனால் பயிற்சி செய்பவருக்கு இரண்டு நாள் ஓய்வு உண்டு. லோடுமேனுக்கு அடுத்த லாரி உண்டு. முட்டித் தேய்மானத்துக்காக அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 518 பேரை ஆராய்ந்து 2000இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு, குந்துவதும் பாரம் தூக்குவதும் சேர்ந்த வேலைகளிலேயே தேய்மான அபாயம் மிகுதி என்று கண்டது. ஆக, எடை மட்டும் குற்றவாளி அல்ல. எடை, ஆழம், ஓய்வின்மை மூன்றும் சேர்வதே கேடு. முட்டி கால்விரலைத் தாண்டாமல் குந்தினால் போதும் என்ற அறிவுரையும் பாதி மருந்துதான். 2003ஆம் ஆண்டு ஆய்வொன்றில் அப்படிக் குந்தவைத்துப் பார்த்தபோது முழங்காலின் திருப்புவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இடுப்பில் பத்து மடங்கு ஏறியது. முட்டியைக் காக்கப் போய் இடுப்பையும் முதுகையும் பணயம் வைக்கலாகாது.

எனவே திருத்த வேண்டியது தொழிலாளியின் உடம்பை அல்ல, மூட்டையையும் அது வைக்கப்படும் உயரத்தையும். 50 கிலோ விதிக்குள்தானே என்பார்கள். ஓர் ஆண் தூக்கக்கூடிய உச்சம் 55 கிலோ என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது மெய். ஆனால் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் எல்லா வசதியும் இருக்கும் சூழலுக்கே 23 கிலோதான் சொல்கிறது. சரக்கை இடுப்புயர மேடையில் இறக்கினால் ஆழக் குந்தும் தேவையே பெரும்பாலும் போய்விடும். ஸ்ரீரங்கத்தில் உற்சவர் நம்பெருமாளை, அவரைச் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகள் பலர் சேர்ந்தே தோளில் ஏளப்பண்ணுகிறார்கள். மண்டியிலும் பெரிய மூட்டைக்கு இரண்டு பேர் என்பது வழக்கமாகலாம். சிறிய மூட்டையால் கூலி குறையும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு விடை, மூட்டைக் கணக்கை விட்டு எடைக் கணக்கில் கூலி பேசுவது. அதைச் சங்கம்தான் பேச வேண்டும்.

உரிமையை நாடவும் வழி உண்டு. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் இயங்கும் நலவாரியத்தில் 18 முதல் 60 வயது வரையுள்ளவர்கள் பதிந்துகொள்ளலாம்; விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புதவி, 60க்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை அதன்வழி கிடைக்கும். ஆனால் மூட்டுத் தேய்மானம் மெல்ல வருவதால், எந்த வேலையால் வந்தது என்று பின்னாளில் காட்டுவது கடினம். அதனால் முட்டி வீங்கினாலோ மடக்கிய கால் நீள மறுத்தாலோ, தைலத்தோடு நிற்காமல் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் காட்டி, செய்யும் வேலையையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வலி வாய்ச்சொல்லாக இருக்கும்வரை முதலாளி தட்டிக்கழிக்கலாம். தேதியோடு எழுத்தில் இருந்தால் அவ்வளவு எளிதில் முடியாது.