எலும்புக்குப் போடும் பந்தல்

எலும்பைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு தப்பான அபிப்பிராயம் உண்டு. கல் மாதிரி கெட்டியாக இருப்பதால், அது வீட்டுக்கு நிறுத்திய தூண் போல ஓர் உயிரற்ற வஸ்து என்று நினைத்து விடுகிறோம். வாஸ்தவத்தில் எலும்புக்குள் ஓயாமல் வேலை நடந்து கொண்டே இருக்கிறது. பழைய எலும்பை அரித்துத் தள்ளும் ஜீவ அணுக்கள் ஒரு பக்கம். அந்த இடத்தில் புதியதைக் கட்டும் அணுக்கள் இன்னொரு பக்கம். வளர்ந்த மனிதனின் எலும்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

தோலில் காயம் பட்டால் ஆறுகிறது, ஆனால் தழும்பு நின்று விடுகிறது. எலும்பு மட்டும் முறிந்த இடத்தில் மீண்டும் எலும்பாகவே வளர்ந்து கூடி விடும். ஆனாலும் அதன் சாமர்த்தியத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. விபத்தில் ஒரு துண்டே நொறுங்கிப் போய்விட்டால், கட்டியோடு சேர்த்து எலும்பையும் வெட்டி எடுக்க நேர்ந்தால், பல் விழுந்து வெகு நாளாகித் தாடை கரைந்து போயிருந்தால், அந்தப் பள்ளத்தை எலும்பு தானாகத் தாண்டாது. யாராவது பாலம் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் எலும்பு ஒட்டு சிகிச்சை.

"ஒட்டு வைக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னவுடன் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "இயற்கையானதா, செயற்கையானதா?" என்பதுதான். நெய்யா, வனஸ்பதியா என்று கேட்டுப் பழகிய நமக்கு, இயற்கை என்றால் உசத்தி, செயற்கை என்றால் மட்டம் என்ற எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. எலும்பு விஷயத்தில் இந்தக் கணக்குச் சரியாக வராது.

மூன்று தேவைகள்

ஒரு கல்யாணம் நடக்க என்னென்ன வேண்டும்? பந்தல் வேண்டும், அழைப்பு வேண்டும், இழுத்துப் போட்டுக் கொண்டு வேலை செய்ய ஆட்கள் வேண்டும். புது எலும்பு வளரவும் இந்த மூன்றுதான் தேவை. ரத்தக் குழாய்களும் அணுக்களும் பற்றிக் கொண்டு உள்ளே நுழைய நுண்ணிய துளைகள் உள்ள ஒரு பந்தல். 'இங்கே எலும்பு கட்ட வாருங்கள்' என்று அணுக்களைக் கூப்பிடும் ரசாயன அழைப்பு. எலும்பைக் கட்டும் உயிருள்ள அணுக்கள். எந்த ஒட்டு எந்தத் தேவையை நிறைவேற்றுகிறது என்று பார்த்தால், அதன் யோக்கியதை தெரிந்து விடும்.

நோயாளியின் சொந்த எலும்பு மூன்றையும் தருகிறது. பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து சுரண்டி எடுத்து வைப்பார்கள். இன்றைக்கும் டாக்டர்கள் மற்றதையெல்லாம் உரைத்துப் பார்க்கும் உரைகல் இதுதான். ஆனால் இதற்கும் விலை உண்டு. ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயம். சிலருக்கு ஒட்டு வைத்த இடத்தை விட, எலும்பு எடுத்த இடுப்புதான் அதிக நாள் வலிக்கும். எடுக்கக் கூடிய அளவும் கொஞ்சமே. சிறு குழந்தையிடமும் எலும்பு மெலிந்த பாட்டியிடமும் அதுவும் கிடைக்காது.

பிறர் தரும் எலும்பு

1880-ல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மெக்யூவன் என்ற சர்ஜன், புண் சீழ் வைத்து மேற்கை எலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு, வேறு குழந்தைகளின் வளைந்த கால்களை நிமிர்த்தியபோது வெட்டி எடுத்த எலும்புத் துண்டுகளைப் பதித்தார். பையனுக்கு உபயோகமான கை திரும்பக் கிடைத்தது.

இன்று ரத்த வங்கி போல எலும்பு வங்கிகளும் இருக்கின்றன. இடுப்பு மூட்டை மாற்றும்போது வெட்டி எடுக்கும் தொடை எலும்பின் உருண்டைத் தலை, குப்பைக்குப் போகாமல், உரியவர் சம்மதித்தால் இங்கே வந்து சேருகிறது. பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், டாட்டா நினைவு மருத்துவமனை 1988-ல் இப்படி ஒரு திசு வங்கியைத் தொடங்கியது. அங்கே எலும்பைச் சுத்தம் செய்து, உலர்த்தி, காமாக் கதிர்களால் கிருமி நீக்குகிறார்கள்.

இந்த எலும்பில் பந்தல் உண்டு. பதம் செய்யும் முறையைப் பொறுத்து அழைப்பும் ஓரளவு மிஞ்சும். ஆட்கள் கிடையாது, அணுக்கள் இறந்து விடுகின்றன. தானம் தந்தவரின் நோய் தொற்றிவிடுமோ என்ற பயமும் வெறும் கற்பனையல்ல. எலும்பு ஒட்டு மூலம் எய்ட்ஸ் கிருமி ஒருவருக்குத் தொற்றியதை 1988-ல் அமெரிக்காவில் அறிவித்தார்கள். தானம் தருபவரின் ரத்தத்தைக் கவனமாகப் பரிசோதிப்பது அதனால்தான் முக்கியம்.

மாடும் பவழமும்

பல் டாக்டர்கள் தாடையில் நிரப்பும் வெள்ளைக் குருணை பல சமயம் மாட்டு எலும்பிலிருந்து வருவது. புரதம் முழுவதையும் நீக்கி, தாதுப் பொருளை மட்டும் நிறுத்திக் கொள்கிறார்கள். மருத்துவ ரீதியில் அது நல்ல பந்தல்தான். ஆனால் ஆசாரமான குடும்பத்துக்கு இது பின்னால் தெரிய வந்தால் மனக் கஷ்டம்தானே?

இந்தச் சங்கடம் புதிதல்ல. யோப் வான் மீக்கரன் என்ற டச்சு சர்ஜனின் புத்தகம் 1668-ல் வெளிவந்தது. ஒரு ரஷ்யப் போர்வீரரின் உடைந்த மண்டையில் நாயின் எலும்பை வைத்து அடைத்த கதை அதில் இருக்கிறது. மாதா கோயில் அவரை விலக்கி வைத்து விட்டதாம். அதனால் அந்த எலும்பை எடுத்து விடும்படி அவர் கேட்க வேண்டி வந்ததாம்!

1974-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கடற் பவழத்தை அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்து, எலும்பில் உள்ள அதே தாதுவாக மாற்றிக் காட்டினார்கள். கடல் போட்ட பந்தல், மனிதன் மாற்றிய சரக்கு. இதை இயற்கை என்பீர்களா, செயற்கை என்பீர்களா?

ஆலையில் பிறப்பவை

கொலு பொம்மை செய்யும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத்தான் ஜெர்மனியில் டிரீஸ்மன் என்பவர் 1892-ல் எலும்புக் குழிகளை அடைக்க உபயோகித்ததாக எழுதினார். இன்று கால்சியமும் பாஸ்பரஸும் கலந்த பீங்கான் வகைகள் பல வந்து விட்டன. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனமும் நம் நாட்டிலேயே இத்தகைய பொருள்களை உருவாக்கியிருக்கிறது.

கண்ணாடி வந்த கதை ரசமானது. 1967-ல் அமெரிக்காவில் லாரி ஹெஞ்ச் என்ற விஞ்ஞானி பஸ்ஸில் போகும்போது, வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். உடம்பு ஏற்றுக் கொள்ளும் ஒரு பொருளைச் செய்ய முடியாதா என்று அவர் கேட்டாராம். 1969-ல் எலும்போடு இறுகப் பற்றிக் கொள்ளும் ஒரு கண்ணாடியை ஹெஞ்ச் கண்டுபிடித்தார்.

செயற்கைச் சரக்கு வேண்டிய அளவு கிடைக்கும். இன்னொருவர் நோய் தொற்றாது. ஆசாரக் குழப்பமும் குறைவு. ஆனால் அது பெரும்பாலும் வெறும் பந்தல்தான். பீங்கான் ஜாடி போல நொறுங்கும் சுபாவம் உண்டு. பாரம் தாங்க வேண்டிய இடத்தில் தகடும் ஆணியும் துணைக்கு வேண்டியிருக்கும்.

அழைப்பு எது என்பதற்கு அஸ்திவாரம் போட்டவர் லாஸ் ஏஞ்சல்ஸில் மார்ஷல் யூரிஸ்ட். தாது நீக்கிய எலும்பைப் பிராணிகளின் தசைக்குள் வைத்தால் அங்கேயே புது எலும்பு முளைப்பதை அவர் 1965-ல் எடுத்துக் காட்டினார். அதற்குக் காரணமான புரதத்தை இப்போது ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்கிறார்கள். விலை அதிகம், ஆபத்தும் இல்லாமல் இல்லை. கழுத்தெலும்புச் சிகிச்சையில் இதை உபயோகித்தபோது சிலருக்குக் கழுத்து வீங்கி மூச்சு விடச் சிரமம் ஏற்பட்டதாக, 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா எச்சரித்தது.

பந்தலைப் பிரிக்கும் நேரம்

கல்யாணம் முடிந்ததும் பந்தலைப் பிரித்தாக வேண்டும். முகூர்த்தத்துக்கு முன்பே பிரிந்து விழுந்தாலும் ஆபத்து. வருஷக் கணக்கில் வாசலை அடைத்துக் கொண்டு நின்றாலும் தொந்தரவு. பிளாஸ்டர் சில வாரங்களில் கரைந்து விடும். டிரைகால்சியம் பாஸ்பேட் மாதக் கணக்கில் கரையும். ஹைட்ராக்சிஅபடைட் வருஷக் கணக்கில் நிற்கும். எந்த ஒட்டு தான் மெல்ல விலகி, உங்கள் சொந்த எலும்புக்கு இடம் விடுகிறதோ, அதுவே நல்ல ஒட்டு. அது வயலில் பிறந்ததா, ஆலையில் பிறந்ததா என்பது இரண்டாவது விஷயம்.

ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை என்றால், டாக்டரிடம் கூச்சப்படாமல் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தப் பொருள் எதிலிருந்து வந்தது? பள்ளத்தை நிரப்பினால் போதுமா, பாரமும் தாங்க வேண்டுமா? சொந்த எலும்பை எடுக்காததற்கு, அல்லது எடுப்பதற்கு, என்ன காரணம்? ஒரு வருஷம் கழித்து அந்த இடத்தில் என்ன இருக்கும்? கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல டாக்டர் சந்தோஷமாகவே பதில் சொல்வார்.

ஐந்தாவது ஒன்று வீட்டிலேயே கவனிக்க வேண்டியது. சிகரெட் புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். கட்டுக்கு அடங்காத சர்க்கரை வியாதியும் அப்படியே. எவ்வளவு விலை உயர்ந்த பந்தல் போட்டாலும், வேலை செய்ய வேண்டிய ஆட்கள் நம் உடம்பிலிருந்துதான் வர வேண்டும். அவர்களைச் சோர விடாமல் பார்த்துக் கொள்வது நம் கையில் இருக்கிறது.