பத்தொன்பதுக்குள் ஒரு பிள்ளை: அரசு எதைத் தரும், எதைத் தராது?

ஒரு கற்பனை ஜோடியை எடுத்துக்கொள்வோம். பெண்ணுக்கு 18 முடிந்து நான்கு மாதம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலை. பையனுக்கு 20, அதே கம்பெனியில் அயர்ன் டேபிள். வீட்டுக்குத் தெரியாமல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். இப்போது பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. பெயர்களும் ஊரும் மாறலாம். ஆனால் இப்படி ஒரு ஜோடி தங்கள் ஊரில் இல்லை என்று எந்த கிராம சுகாதார செவிலியரும் சொல்லமாட்டார்.

இவர்களுக்கு முதலில் வரும் பயம் சட்டம். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருக்க வேண்டும். பையனுக்கு 21 ஆகும்வரை இந்தத் திருமணத்தைப் பதிவு செய்ய முடியாது. அதற்காக இருவரும் சேர்ந்து வாழ்வது குற்றமாகிவிடாது. கேரள ஜோடி ஒன்றின் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பையனுக்கு 21 ஆகாவிட்டாலும், இருவரும் 18 வயதைத் தாண்டியவர்கள் என்றால் திருமணம் இல்லாமலேயே சேர்ந்து வாழ உரிமை உண்டு. பிறக்கும் பிள்ளைக்கும் குறையில்லை. திருமணம் பின்னால் ரத்தானாலும் பிள்ளை முறைப்படி பிறந்ததாகவே கருதப்படும் என்று அதே 2006 சட்டம் சொல்கிறது.

சரி, பணம்?

தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் பெரிய உதவி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. 2018 முதல் மொத்தம் 18,000 ரூபாய். இதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள்: சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சை, ஆவின் நெய் என்று. முதல் இரண்டு பிரசவங்களுக்கு, ஏழைக் குடும்பங்களுக்கு. கூடவே ஒரு நிபந்தனை: தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும்.

நம் கைமடிப் பெண் இங்கே விழுந்துவிடுகிறார். இளவயதுத் திருமணத்தை ஊக்குவிக்கக்கூடாது என்பதுதான் இந்த வரம்பின் நோக்கம். நோக்கத்தில் தவறில்லை. ஆனால் திட்டத்தில் 19 என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எந்தப் பெண்ணும் காதலைத் தள்ளிவைப்பதில்லை. கர்ப்பமான பிறகுதான் அந்த வரி அவள் கண்ணில் படுகிறது. இளம் தாய்க்கு ரத்தசோகையும் எடை குறைந்த பிள்ளையும் வரும் ஆபத்து அதிகம் என்று மருத்துவர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். நெய்யும் பேரீச்சையும் யாருக்கு அதிகம் தேவையோ, அவளைத்தான் இந்த வரம்பு வெளியே நிறுத்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், மத்திய அரசின் ஜனனி சுரக்ஷா திட்டத்தில் இருந்த வயது நிபந்தனையை 2013இலேயே எடுத்துவிட்டார்கள். அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொண்டால் ஏழைத் தாய்க்கு வயது வித்தியாசமின்றிப் பணம் உண்டு. எவ்வளவு? தமிழ்நாட்டில் கிராமம் என்றால் 700 ரூபாய், நகரம் என்றால் 600. பெரிய தொகைக்கு வயது கேட்கிறார்கள், சின்னத் தொகைக்குக் கேட்பதில்லை.

வயது கேட்காத இன்னொன்றும் உண்டு, இதைவிடப் பெரியது. பலருக்குத் தெரிவதில்லை. அந்தப் பெண்ணுக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருந்து, முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாளுக்காவது சந்தா கட்டப்பட்டிருந்தால், முதல் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கும். மாதம் பத்தாயிரம் சம்பளம் என்றாலே அது ஐம்பதாயிரத்தைத் தாண்டும். கர்ப்பம் தெரிந்ததும் வெட்கப்பட்டு வேலையை விட்டு ஊருக்குப் போய்விடும் பெண்கள் இழப்பது இதைத்தான். ராஜினாமா எழுதும் முன் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

மாதம் 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை? அதற்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும்.

எந்த உதவிக்கும் முதல் படி பதிவுதான். கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்து ஆர்.சி.ஹெச். எனும் தாய்-சேய் நலப் பதிவு எண் வாங்க வேண்டும். பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்ணைக் கேட்பார்கள். முத்துலட்சுமி திட்டத்துக்கு 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். 19 முடிந்த பெண்களும் கோட்டைவிடுவது இங்கேதான். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று துப்பட்டாவால் வயிற்றை மறைத்து ஐந்தாம் மாதம்வரை இழுத்தடித்தால் பணம் கைவிட்டுப் போகலாம். பணம் போனாலும், அங்கன்வாடிச் சத்துமாவு, பரிசோதனை, பிரசவம், அறுவைச் சிகிச்சை, ரத்தம், மருந்து, வீட்டில் கொண்டுவிடும் வண்டி எல்லாம் இலவசம். பிரசவத்துக்கு வந்தவரைத் தாலி இல்லை, புருஷன் இல்லை என்று திருப்பி அனுப்ப எந்த அரசு மருத்துவமனைக்கும் அதிகாரம் இல்லை.

எங்கே தங்குவது?

இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தால் கிடைக்கும் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பெண் சில நாள் தங்கலாம். அதற்கு மேல் என்றால் சக்தி சதன் போன்ற இல்லங்கள். பெண்ணுக்கு இடம் உண்டு, பையனுக்குக் கிடையாது. ஆதரவற்ற பெண்ணையும் கைவிடப்பட்ட குழந்தையையும் அரசுக்குத் தெரியும். கைவிடாமல் கூடவே நிற்கும் இருபது வயதுப் பையனை எந்த விண்ணப்பத்தில் எழுதுவது என்று அதற்குத் தெரியவில்லை.

உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கின் தீர்ப்பில், மிரட்டலுக்கு உள்ளாகும் ஜோடிகளுக்கு மாவட்டத் தலைநகரங்களில் பாதுகாப்பு இல்லம் அமைக்க மாநிலங்கள் பரிசீலிக்கலாம் என்றது. சிறு கட்டணத்தில் முதலில் ஒரு மாதம், தேவைப்பட்டால் மாதாமாதம் நீட்டித்து ஓராண்டுவரை. கர்ப்பிணிக்கு அந்த ஓராண்டு என்பது பிரசவமும் தாண்டிய காலம். சாதி மாறிக் கட்டிக்கொண்ட ஜோடிகள் இங்கே என்ன பாடுபடுகிறார்கள் என்பது தெரிந்ததுதான். ஆளுக்கு ஒரு பக்கம் பிரிக்காமல் தங்கவைக்கும் கதவு மாவட்டத்துக்கு ஒன்று திறந்திருக்க வேண்டும்.

வாடகை வீடு என்றால், 18 முடிந்தவர் யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாதவரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. வீட்டுக்காரர் பத்து மாதம் கேட்டால் இதைச் சொல்லிப் பார்க்கலாம். சொல்லிப் பார்க்கலாம், அவ்வளவுதான். குடிசைக்குப் பதில் வீடு கட்ட 3.5 லட்சம் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம், காலடியில் ஒரு சென்ட் மண் இல்லாதவர்களுக்கு ஆகாது.

18க்குக் கீழே என்றால்

கதையே வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கு இடமில்லை. கணவன் என்றாலும் விதிவிலக்கு இல்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகவல் தெரிந்த மருத்துவர் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். இந்த பயத்தில்தான் சிறுமிகள் மருந்துக்கடை மாத்திரையைத் தேடிப் போகிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தகவல் தரும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காதல் சார்ந்த போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்யாதீர்கள் என்று தமிழ்நாடு டி.ஜி.பி.யும் அந்த டிசம்பரில் சுற்றறிக்கை விட்டார்.

கர்ப்பமாகிக் குடும்பத்தால் கைவிடப்பட்ட சிறுமிகளுக்காக 2023இல் மத்திய அரசு நிர்பயா நிதியிலிருந்து 74.10 கோடி ரூபாயில் ஒரு திட்டம் அறிவித்தது. 18 வயதுவரை குழந்தைகள் இல்லத்திலும், பிறகு 23 வயதுவரை பின்பராமரிப்பிலும் இடம். குழந்தைகள் நலக் குழு வழியாகத்தான் இதற்குப் போக முடியும்.

மேற்கு வங்க வழக்கு ஒன்று எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுகிறது. 14 வயதில் வீட்டை விட்டு இளைஞன் ஒருவனோடு போனவள், பிள்ளை பெற்றாள், பிறகு அவனையே கட்டிக்கொண்டாள். அவனைச் சிறையிலிருந்து மீட்க வழக்குக்குச் செலவு செய்தே கடனாளியானாள். உச்ச நீதிமன்றம் அவன் குற்றவாளி என்று உறுதிசெய்தது. ஆனால் 2025 மே மாதம் தண்டனை விதிக்க மறுத்தது. குற்றத்தைவிட, அதன்பின் போலீஸும் கோர்ட்டும் தந்த அலைச்சலே அவளை அதிகம் பாதித்தது என்று நிபுணர் குழு சொன்னதை ஏற்றது. அந்தக் குடும்பத்துக்கு நல்ல தங்குமிடமும் அவளுக்குப் படிப்புச் செலவும் தரும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது. தலைக்கு மேல் கூரை என்ற ஒன்றைப் பெற, அவள் விவகாரம் நாட்டின் கடைசி நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

உங்களுக்குத் தெரிந்த பெண் யாராவது இந்த நிலையில் இருந்தால், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 12 வாரத்துக்குள் பதிந்துவிட்டாளா என்று கேளுங்கள். 18க்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, மேலே என்றால் 181. வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.