தாலுகா நிருபரும் செயற்கை நுண்ணறிவும்

பத்திரிகைத் தொழிலில் செயற்கை நுண்ணறிவு முதலில் கால் வைத்தது செய்தி சேகரிக்கும் இடத்தில் அல்ல, செய்தியை எழுதி முடிக்கும் டெஸ்க்கில்தான். அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் 2014-இல் நிறுவனங்களின் காலாண்டு லாபக் கணக்குச் செய்திகளை மென்பொருளிடம் ஒப்படைத்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் மொழிபெயர்ப்பு, பேட்டியை எழுத்தாக்குதல், தலைப்பு, சுருக்கம் என்று டெஸ்க்கின் மற்ற வேலைகளுக்கும் அது பரவியது.

இந்தியாவில் 2023 ஜூலையில் ஒடிசா டிவி ‘லிசா’ என்ற செயற்கை வாசிப்பாளரைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2024 மே 26-இல் தூர்தர்ஷனின் விவசாயச் சேனல் டிடி கிசான் ‘கிரிஷ்’, ‘பூமி’ இருவரையும் அறிமுகப்படுத்தியது. ஐம்பது மொழிகளில் பேசும் திறன் கொண்ட இவர்களின் வேலை, விவசாயிகளுக்கு வானிலையும் சந்தை விலையும் சொல்வது.

வாசிப்பு வேறு, நிருபர் வேலை வேறு. காவிரியின் வடகரையில் வாழை விளையும் தொட்டியம் பகுதியில் சூறைக்காற்று அடித்துத் தார் விட்ட மரங்கள் சாய்ந்தால், தோட்டத்துக்குள் இறங்கிப் பார்ப்பதும், சேதத்தை விவசாயியிடம் கேட்பதும், அதை வி.ஏ.ஓ.விடம் சரிபார்ப்பதும் தாலுகா நிருபர்தான். அவர் அனுப்பாத செய்தியை எந்த இயந்திரமும் எழுத முடியாது. எழுதினால் அது கற்பனை.

செய்தியாளர்கள் இக்கருவியை வெறுத்து ஒதுக்கவும் இல்லை. தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வளரும் நாடுகளின் செய்தியாளர்கள் 200-க்கும் மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்டு, 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் அதைப் பயன்படுத்துகிறார்கள். அலுவலகத்தில் எழுத்துபூர்வ விதிமுறை இருப்பதாகச் சொன்னவர்களோ சுமார் 13 விழுக்காடு. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பெரும்பாலோர் தாமே முடிவு செய்கிறார்கள் என்பதே இதில் கவலைக்குரியது. இல்லாத மேற்கோளையும் தேதியையும் தயக்கமின்றி எழுதித் தரும் கருவியைக் கையாள இந்தத் தனிப்பட்ட முடிவு போதாது.

போலிக் குரலும் முகமும் இன்னொரு சுமை. 2018-இல் மறைந்த மு. கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில் ‘பேசினார்’. மேடையில் அனைவருக்கும் தெரிந்தே நடந்தது அது. அதே நுட்பம் தேர்தல் நேரத்தில் வாட்ஸ்அப்பில் வந்தால் சரிபார்க்கும் பொறுப்பு நிருபர் தலையில் விழும். 2024 தேர்தலின்போது தொடங்கப்பட்ட டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட் என்ற சரிபார்ப்புக் குழு தமிழிலும் இதற்கு உதவ முன்வந்தது.

உழைப்புக்கு யார் விலை தருவது என்பது நீதிமன்றத்தில் இருக்கிறது. தன் செய்திகளை அனுமதியின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாகச் செய்தி நிறுவனமான ஏஎன்ஐ 2024 நவம்பரில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது; பதிப்புரிமையை மீறவில்லை என்கிறது ஓப்பன்ஏஐ. வழக்காடுவோர் பெரிய நிறுவனங்கள். மாதச் சம்பளம் இல்லாமல், வெளியாகும் செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் தாலுகா நிருபர்களுக்கு அந்த விலையில் பங்கு உண்டா என்ற கேள்வியை இதுவரை யாரும் பெரிதாக எழுப்பவில்லை.