கணினிக்கு ஏற்ற மின்வடம்

கணினி வாங்கப் போகிறவர்கள் அதன் வேகத்தைக் கேட்கிறார்கள். நினைவகத்தின் அளவைக் கேட்கிறார்கள். திரையின் அகலத்தையும் கேட்கிறார்கள். சுவரிலிருந்து அதற்கு மின்சாரம் கொண்டு சேர்க்கும் கறுப்பு வடத்தை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எலி கடித்த பின்னரோ, நாற்காலிக் கால் ஏறி நசுங்கிய பின்னரோதான் அப்படி ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது. மலாக்கா மாநிலம் அலோர் காஜா மாவட்டத்தில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டியிருக்கும் லூபோக் சீனா போன்ற சிற்றூர்களில், பழைய பெட்டியைக் குடைந்து எடுத்த வடமோ, இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைத்த வடமோ அன்றைக்குக் கைகொடுக்கும். பிள்ளையின் பள்ளி வேலை மறுநாள் முடியவேண்டியிருக்கிறது. முனை பொருந்திவிட்டால் போதும் என்று மனம் சமாதானம் அடைகிறது. முனை பொருந்துவது வேறு; வடம் பொருந்துவது வேறு.

முதலில் முனைகளைப் பார்ப்போர் பார்க்கட்டும். சுவர்ப்பக்க முனை, மலேசியாவில் எங்கும் புழங்கும் 13 ஆம்பியர் மூன்று கால் பிளக். பிரிட்டனில் 1947ஆம் ஆண்டில் வெளிவந்த தரவிதியிலிருந்து வந்தது இவ்வமைப்பு. கணினிப்பக்க முனைக்குப் பன்னாட்டுத் தரவிதியில் ‘சி 13’ என்று பெயர். 10 ஆம்பியர் வரை தாங்குவது. அது செருகப்படும் இடத்தின் வெப்பம் 70 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. இதற்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. அடிப்பக்கத்தில் சிறு பள்ளம் வெட்டியிருக்கும். பெயர் ‘சி 15’. 120 பாகை வரை தாங்கும். கொதிகெண்டி முதலியவற்றுக்கு உரியது. கெண்டியின் வடம் கணினியில் செருகும். கணினியின் வடம் கெண்டியில் செருகாது. தாங்கும் திறன் குறைந்தது சூடு மிகுந்த இடத்துக்குப் போய்விடாதபடி, படிக்கத் தெரியாதவரையும் தடுத்து நிறுத்தும் பூட்டாக அந்தப் பள்ளம் வைக்கப்பட்டிருக்கிறது. மடிக்கணினியின் மூவிலை வடிவ முனையும், வானொலிப் பெட்டிகளின் எட்டு வடிவ முனையும் இரண்டரை ஆம்பியருக்கு உரியவை; அவை மேசைக் கணினியில் நுழையமாட்டா. மிகப் பெரிய மின்வழங்கிகள் சிலவற்றுக்கு 16 ஆம்பியர் முனையே வேண்டும். வீட்டுக் கணினியில் அது அரிது.

இனி, மூன்றாம் கால். வடத்தினுள் மூன்று கம்பிகள் ஓடுகின்றன. பழுப்பு நிறத்தில் மின்னோட்டம் வருகிறது, நீலத்தில் திரும்புகிறது, பச்சையும் மஞ்சளும் கலந்தது புவிக்கம்பி, அதாவது கடைக்காரர் சொல்லும் எர்த். முதல் இரண்டு இருந்தாலே கணினி ஓடும். மூன்றாவது அறுந்து கிடந்தாலும் கணினி காட்டிக்கொடுக்காது. ஆனால் உடம்பு காட்டிக்கொடுக்கும். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று கணினியின் இரும்புப் பெட்டியைத் தொடுகையில் ‘சுருக்’கென்று எறும்பு கடித்தாற்போல் உணர்ந்தவர் பலர். காரணம் இது: மின்வழங்கியின் வாயிலில், இரைச்சலை வடிகட்டுவதற்காக, இரு மின்கம்பிகளுக்கும் இரும்புப் பெட்டிக்கும் இடையே சிறு மின்தேக்கிகள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் வழியே கசியும் மிகச் சிறு மின்சாரம் புவிக்கம்பி வழியே நிலத்துக்குப் போய்விடவேண்டும். அக்கம்பி இல்லையெனில், பெட்டி முழுவதும் ஏறத்தாழ வீட்டு மின்னழுத்தத்தின் பாதியில், அதாவது 115 வோல்ட்டு அளவில் மிதக்கும். மின்தேக்கிகள் சிறியவையாதலால் அந்தச் சுருக்கு ஆளைக் கொல்லாது. ஆயினும் உள்ளே ஒரு கம்பி விட்டுப்போய்ப் பெட்டியைத் தொட்டுவிட்டால், அடுத்து வருவது எறும்புக்கடியாக இராது. அப்போது பெருமின்சாரத்தை நிலத்துக்கு இழுத்துச் சென்று, மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்ய வேண்டியதும் அதே புவிக்கம்பிதான்.

ஆகவே, இரண்டு உருளைக் கால் உள்ள பிளக்கைப் பேனா முனையால் சாக்கெட்டின் மூடியைத் திறந்து செருகும் வழக்கம் கணினிக்கு அறவே ஆகாது. சாக்கெட்டின் மேல்துளை புவிக்கம்பிக்கு உரியது. மூடியைத் திறக்கும் நீண்ட கால் அங்கே முதலில் நுழைந்து, புவித்தொடர்பை ஏற்படுத்திய பின்னரே மற்ற இரண்டும் மின்சாரத்தைத் தொடுகின்றன. பேனா அந்த ஒழுங்கைக் கெடுக்கிறது. ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த வடத்தை மாற்றுச் செருகி கொண்டு பொருத்தினாலும் இதே குறை நேரக்கூடும். அத்தகைய செருகிகள் பலவற்றில் புவித்தொடர்பு கிடையாது.

வடம் நல்லதாயினும் சுவரில் புவித்தொடர்பு இல்லையேல் பயனில்லை. மலாயாவில் 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறிற்று. 1990இல் தெனாகா நேஷனல் ஆயிற்று. இந்த நெடுங்காலத்தில் வெவ்வேறு தலைமுறையினர் போட்ட கம்பிகள் பழைய வீடுகளிலும் தோட்டத்து லயங்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதுண்டு. இரண்டு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் என்று போட்டதிலிருந்து பின்னாளில் கிளை இழுத்திருப்பார்கள். புது வடம் போட்ட பின்னும் சுருக்கென்று தைத்தால், குற்றம் சுவரில் இருக்கிறது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்கவேண்டும்.

கம்பியின் பருமன் அடுத்தது. ஒரு கணினி தன் உறுப்புகளுக்கு 500 வாட் வழங்குகிறது என்று கொள்க. மின்வழங்கியின் திறன் நூற்றுக்கு 80 ஆனால், சுவரிலிருந்து 625 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் இது 2.7 ஆம்பியர். 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.026 ஓம். 1.8 மீட்டர் வடத்தில் மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் 3.6 மீட்டர், மொத்தத் தடை 0.1 ஓமுக்கும் குறைவு. அதில் பிறக்கும் வெப்பம் முக்கால் வாட்டையும் எட்டாது. வடம் குளிர்ந்தே இருக்கும். ஆனால் முனையில் ஒரு கவ்வி தளர்ந்து அங்கே ஓர் ஓம் தடை ஏற்பட்டால், அந்தக் கடுகளவு இடத்தில் ஏழு வாட் வெப்பம் குவிகிறது. பிளாஸ்டிக் பழுப்பேறுவதும், உருகுவதும், தீப்பிடிப்பதும் பெரும்பாலும் இவ்வாறான இடங்களில்தான். வடத்தின் நடுவைத் தடவிப் பார்ப்பதைவிட முனைகளைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. அரை மணி ஓடிய பின் முனை சுடுமானால் அந்த வடம் வேண்டாம்.

வடத்தின் மேலுறையில் ‘3ஜி 0.75’ என்றோ ‘3ஜி 1.0’ என்றோ அச்சிட்டிருக்கும். மூன்று என்பது கம்பிகளின் எண்ணிக்கை. ஜி என்ற எழுத்து, அவற்றுள் ஒன்று பச்சை மஞ்சள் புவிக்கம்பி என்பதைக் குறிக்கும். இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட வடமானால் 1.0 உடையதையே வாங்குதல் முறை. எதுவும் அச்சிடாத வடத்தைக் கையில் எடுத்ததும் திரும்ப வைத்துவிடலாம்.

பிளக்கினுள் இருக்கும் பியூஸ் கணினியைக் காப்பதற்கு என்பது பரவலான எண்ணம். உண்மையில் அது வடத்தைக் காப்பதற்கு. ஆதலின் கம்பியின் பருமனுக்கு ஏற்ப அது அமையவேண்டும்: 0.75க்கு 5 ஆம்பியர்; 1.0க்கு 10, 1.25க்கு 13. மெல்லிய வடத்தில் 13 ஆம்பியர் பியூஸ் போட்டால், பியூஸ் உருகும் முன் வடம் உருகும். ஈயத்தாள் சுற்றிவைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தளர்ந்த முனையின் சூட்டை எந்தப் பியூசும் அறியாது. அங்கே ஓடும் மின்சாரம் வழக்கமான அளவுதானே.

போலிச் சரக்கைக் கண்டுகொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. நல்ல பிளக்கில் கீழிரண்டு கால்களின் அடிப்பாகத்துக்கு மட்டுமே பிளாஸ்டிக் உறை உண்டு. மேற்காலுக்கும் உறை போட்டிருந்தால் அது போலி. அந்த உறை சாக்கெட்டினுள் புவித்தொடர்பைத் தடுத்துவிடும். பியூஸ் வைக்க இடமே இல்லாதவையும் விற்பனைக்கு வருகின்றன. கால்களில் காந்தம் ஒட்டினால் அவை பித்தளை அல்ல, இரும்பு. அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசிய கம்பியைக் காந்தத்தால் அறிய முடியாது. அதன் தடை செம்பினதைப்போல் ஒன்றரை மடங்கு. எடை மிகக் குறைந்த வடத்தை ஐயுறுதல் தகும். 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலைக் காட்டும் சிரிம் முத்திரை பிளக்கில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்கவேண்டும்.

பெயர் பெற்ற நிறுவனத்தின் வடம் என்பதனாலேயே அச்சம் தீர்ந்துவிடாது. ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் 2014 ஆகஸ்டில், தன் மடிக்கணினிகளுடன் விற்ற ‘எல்எஸ்-15’ என்னும் வடங்களில் ஏறத்தாழ 60 லட்சத்தை அமெரிக்காவிலும் கனடாவிலும் திரும்பப் பெற்றது. சில சூடேறி உருகியிருந்தன. அதே குறியுள்ள வடங்களை லெனோவா நிறுவனமும் அவ்வாண்டு டிசம்பரில் திரும்பப் பெற்றது. மைக்ரோசாப்ட் 2016 ஜனவரியில் தன் சர்பேஸ் புரோ வகைக் கணினிகளின் வடங்களைத் திரும்பப் பெற்றதற்கான காரணம் வீட்டாருக்குப் பழக்கமானது: இறுக்கிச் சுற்றியும் முறுக்கியும் வைத்த வடங்கள் சேதமுற்றுச் சூடேறின.

வடத்தைச் சுற்றுவதானால் தளர்வாக வளையமிட்டு வைக்கவேண்டும். பாய்க்கு அடியில் ஓட்டலாகாது. செருகும்போதும் பிடுங்கும்போதும் முனையையே பிடிக்கவேண்டும். எலி கடித்த பழைய வடத்தை நாடா சுற்றி வேறொரு நாளைக்கென்று வைப்பதும் வேண்டாம். அதை வெட்டி எறிகையில், பிளக்கின் கால்களையும் மீண்டும் செருக முடியாதபடி வளைத்துவிடவேண்டும். வால் அறுந்த பிளக்கை ஒரு குழந்தை எடுத்துச் சுவரில் செருகினால், வெட்டுண்ட முனையில் 230 வோல்ட்டு வந்து நிற்கும்.