இரும்புப் பெட்டி இருந்தால் போதுமா?

உடப்புத் திரௌபதையம்மன் கோயிலில் தீமிதிப்பு நிகழும் நாளில் ஊரே கோயில் வீதியில் நிற்கும். வீடுகள் வெறுமையாய்க் கிடக்கும். அவ்வேளை நகைக்குக் காவல் இரும்புப் பெட்டியே என்போம். ஆயின் சிறிய பெட்டியைத் திருடன் அங்கேயே நின்று உடைப்பதில்லை, தூக்கிச் சென்றுவிடுவான். தேடி அலையும் சிரமத்தையும் அவனுக்கு நாமே குறைத்துவிட்டோம்!

பெட்டியின் அடித்துளைகள் வழியே திருகாணிகளைக் கனத்த கொங்கிறீற்றில் இறக்கி முடுக்குதல் வேண்டும். புத்தளக் கரையோர மணலின்மீது பூசிய மெல்லிய சீமெந்து அலவாங்கின் நெம்பலைத் தாங்காது. உப்புக் காற்று ஆணியையும் அரிக்குமாதலால் அவ்வப்போது பார்த்து மாற்றுதல் நன்று. காணி உறுதிகளைத் தீயினின்று காக்கும் பெட்டி யாவும் திருட்டைத் தடுப்பனவல்ல, வாங்கும்போதே விசாரிப்போம். அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கு உள்ள வீட்டில் ரவைகளை வேறாகப் பூட்டுதல் அவசியம்.

சாவியோ? சாமிப் படத்தின் பின்புறம் திருடரும் அறிந்த இடமே.