ஆண்டுக்கொரு நாள் அம்மா!

அன்னையர் நாள் என்றால் மே மாதத்து இரண்டாம் ஞாயிறுதானே என்பர் பலர். அது அமெரிக்கா தந்தது. 1908-இல் ஆன்னா ஜார்விஸ் தொடங்கி, 1914-இல் குடியரசுத் தலைவர் வில்சன் அறிவித்த நாள். இங்கிலாந்து நாட்டிலோ அதனினும் மூப்புடைய வேறொரு நாள் உண்டு. 'மதரிங் சண்டே' என்பர் அதனை. ஈஸ்டருக்கு மூன்று கிழமை முன்னே வரும் தவக்கால ஞாயிறு அது.

தொடக்கத்தில் அன்னை எனப்பட்டவள் பெற்றவளா? இல்லை, திருச்சபை! எருசலேமை அனைவருக்கும் அன்னையாகக் கூறும் பவுலடியாரின் திருமுகம் அன்று கோவில்களில் படிக்கப்படும். மக்கள் தாய்க் கோவிலுக்குக் காணிக்கை ஏந்திச் சென்றனர். வீட்டு விழாவாக அது மாறியது பிறகு. 1644-இல் வூஸ்டர் நகரிலே, பிள்ளைகளும் ஞானப்பிள்ளைகளும் குடும்பத் தலைவர் இல்லத்தில் கூடி விருந்துண்டதை ரிச்சர்டு சைமண்ட்ஸ் என்ற அரசர் படைவீரர் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

ஆனால் இந்த நாளை வாழவைத்தவர்கள் யார்? அரண்மனைக்காரர்களா? அடுக்களைப் பெண்கள்! பத்துப் பன்னிரண்டு வயதிலே சீமான் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட ஏழைச் சிறுமிகள். விடியுமுன் எழுந்து கணப்புச் சாம்பல் அள்ளியவர்கள். இரவெல்லாம் பாத்திரம் துலக்கியவர்கள். பெற்றவள் முகம் காண அவர்களுக்கு எசமானி மனமிரங்கித் தந்த நாள் இது! வழியோரத்து வயலட் மலர்களைக் கொய்து, கையிலே கேக்குடன், கால்நடையாகச் சென்றனர். தாயைப் பார்க்கவும் அனுமதிச் சீட்டா? எண்ணிப் பாருங்கள்!

அந்தக் கேக்கின் பெயர் சிம்னல். பாதாம் விழுது பூசி, மேலே பதினோரு உருண்டைகள் வைப்பர். யூதாசை நீக்கிய சீடர்கள் பதினொருவராம். வேகவைப்பதா, சுடுவதா என்று சைமனும் நெல்லும் சண்டையிட்டு இரண்டையும் செய்ததால் அப்பெயர் வந்தது என்பது கட்டுக்கதை. மெல்லிய மாவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதன் வேர்.

வழக்கம் மங்கிய வேளையில், நாட்டிங்காமில் மருந்து கலக்கும் பணியிலிருந்த கான்ஸ்டன்ஸ் ஸ்மித் 1913 முதல் அதற்குப் புத்துயிரூட்டினார். மணம்புரியாதவர், ஜார்விசும் அப்படியே. அந்த ஜார்விசோ, தாம் தொடங்கிய நாளைப் பூக்கடைக்காரரும் வாழ்த்து அட்டைக்காரரும் பறித்துக்கொண்டனரென்று பல்லாண்டு போராடி, 1948-இல் மறைந்தார்.

இன்று இங்கிலாந்துக் கடைகளில் அட்டையின் மீது அச்சிடப்படுவது அமெரிக்கப் பெயர்தான். விற்பனை மட்டும் தவக்கால ஞாயிற்றுக்கு! 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெருங்கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம் திறந்திருக்கலாம். மலர்க்கொத்தைக் கட்டித் தரும் பெண் தன் தாயைக் காணப் புறப்படுவது கடை அடைத்த பிறகு.