கெய்ன் ஏத்தினாலே கிட்டார் இரையுதா? நாய்ஸ் கேட்டை இப்படி செட் பண்ணுங்க!

மெட்டல் ரிஃப் ஒண்ணு பழகுறீங்க. டிஸ்டார்ஷனை ஏத்தினா சவுண்டு மிரட்டுது. ஆனா, வாசிப்பை நிறுத்தின அடுத்த நொடியே 'ஸ்ஸ்ஸ்'னு ஓர் இரைச்சல், கூடவே 'ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம். மெட்டல்ல அடிக்கிற நோட் எவ்வளவு முக்கியமோ, நடுவுல சட்டுனு விழுற மௌனமும் அவ்வளவு முக்கியம். அந்த மௌனத்தைக் காப்பாத்தத்தான் நாய்ஸ் கேட்.

ஏன் இந்த இரைச்சல்?

கிட்டார் பிக்கப், கம்பியோட அதிர்வை மட்டுமல்ல, சுத்தியிருக்கிற மின்சாரத்தோட காந்தப்புலத்தையும் சேர்த்தே பிடிக்கும். நம்ம வீட்டு கரன்ட் நொடிக்கு 50 சுற்று ஓடுறதால வர்றதுதான் அந்த ரீங்காரம். இதை அடக்க, ரெண்டு சுருளை எதிரெதிரா இணைச்ச ஹம்பக்கர் பிக்கப்புக்கு 1955-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர். ஆனா, 'ஸ்ஸ்ஸ்' சத்தம் சர்க்யூட்டுக்குள்ளேயே பிறக்குது. அதை ஹம்பக்கரால தடுக்க முடியாது. கெய்ன் ஏற ஏற அதுவும் பெரிசாகும்.

கேட் என்ன செய்யும்?

பேருக்கேத்த மாதிரி அது ஒரு கதவு. நீங்க வெச்ச அளவுக்கு மேல சத்தம் வந்தா திறக்கும், கீழே இறங்கினா மூடிடும். அந்த அளவுதான் த்ரெஷோல்ட். கதவு எவ்வளவு வேகமா மூடணும்னு சொல்றது டிகே அல்லது ரிலீஸ். ஒண்ணை மறந்துடாதீங்க: வாசிக்கும்போது இரைச்சல் எங்கேயும் போயிடாது, நோட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும், அவ்வளவுதான்.

செட் பண்றது எப்படி?

1. த்ரெஷோல்டை முழுசா குறைச்சிட்டு, கம்பிகளைக் கையால மூடிக்கோங்க.

2. இரைச்சல் நிக்கிற வரைக்கும் மெதுவா ஏத்துங்க. நின்ன இடத்துலேயே நிறுத்திடுங்க.

3. ஒரு நோட்டை அடிச்சு, தானா அடங்க விடுங்க. பாதியில வெட்டுப்பட்டா த்ரெஷோல்டைக் கொஞ்சம் குறைங்க.

4. பாம் மியூட் ரிஃப்புக்கு ரிலீஸ் வேகமா இருக்கட்டும். நீளமான சோலோவுக்கு மெதுவா இருக்கட்டும்.

எங்கே வைக்கணும்?

டிஸ்டார்ஷனுக்குப் பின்னாடி, டிலே, ரிவர்புக்கு முன்னாடி. மாத்தி வெச்சா எதிரொலியோட வாலையே கேட் நறுக்கிடும். பாஸ் என்.எஸ்-2 மாதிரி சென்ட், ரிட்டர்ன் இருக்கிற பெடல்னா, டிஸ்டார்ஷனை அந்த ரெண்டுக்கும் நடுவுல இணைங்க. அப்போ கேட், சுத்தமான கிட்டார் சிக்னலைக் கேட்டு முடிவெடுக்கும்; டிஸ்டார்ஷனோட இரைச்சலையும் சேர்த்தே மூடும்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி...

கெய்னைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. கேபிளை மாத்துங்க. மொபைல், சார்ஜரைத் தள்ளி வைங்க. பாதிப் பிரச்னை இதுலேயே தீரலாம். கம்பியைத் தொட்டதும் ரீங்காரம் குறைஞ்சா, பல கிட்டார்கள்ல அது சகஜம்தான். ஆனா, லேசா ஷாக் அடிச்சாலும் உடனே பிளக்கைப் பிடுங்கிட்டு, எர்த் சரியா இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை வெச்சுப் பாருங்க. அது எந்த பெடலாலும் தீராது, உயிருக்கே ஆபத்து!

இன்னொண்ணு... இரைச்சலை கேட் நிறுத்தும். தேவையில்லாம அதிருற கம்பியை உங்க கைதான் நிறுத்தணும். அதனால, மியூட்டிங் பிராக்டீஸை மட்டும் விட்டுடாதீங்க!